ஆயா சொன்ன ‘நம்ம கழனி’ யாருடைய கழனி?

தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “எங்க ஆயா சாகிற வரைக்கும் ‘நம்ம பண்ணை, நம்ம கழனி’ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மாதவரத்தைத் தாண்டி, வடபெரும்பாக்கம் பக்கம். போய்ப் பார்த்தால் குடோனும் லாரி நிறுத்துகிற இடமும்தான் இருக்கின்றன. வடசென்னையில் நிஜமாகவே பண்ணைகள் இருந்தனவா? இருந்தால், அதில் எங்கள் குடும்பம் என்னவாக இருந்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய அத்தை ஒருவர்தான் இப்போது இருக்கிறார்.”

பண்ணைகள் இருந்தன. அதில் சந்தேகமே வேண்டாம். இன்றைக்கு அந்தப் பக்கம் பண்ணை என்று சொன்னால் பஸ் கண்டக்டர் மாதவரம் பால்பண்ணைக்குத்தான் டிக்கெட் கிழிப்பார். ஆனால் நான் சின்னப் பையனாக இருந்தபோது புழலிலிருந்து மணலி வரை நடந்தால் கால் முழுக்கச் சேறுதான். முப்பத்தைந்து வருடம் பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். என் தாத்தா அந்தப் பக்கத்து ஏரி ஒன்றில் நீர்க்கட்டி, அதாவது கழனிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர். அதனால் காகிதம் சொல்வதும் தெரியும், காகிதம் சொல்லாததும் கொஞ்சம் தெரியும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் சிக்கலானது. சிக்கல் ‘நம்ம’ என்ற சொல்லில் இருக்கிறது. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை மூன்று விதமான ஆட்கள் சொல்வார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதார் சொல்வார். அதை வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) குத்தகைக்கோ எடுத்துப் பயிர் வைத்தவர் சொல்வார். தலைமுறை தலைமுறையாக அந்த ஒரே வீட்டுக்குப் படியாளாக, அதாவது பண்ணைக் கூலியாளாக இருந்து, விடியற்காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போனவரும் ‘நம்ம கழனி’ என்றுதான் சொல்வார். என் தாத்தா ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர். ஏரி நீர் பாய்கிற அத்தனை கழனியும் அவருக்கு ‘நம்ம கழனி’. மூன்று பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அரசாங்கக் காகிதத்துக்கு முதல் ஆளை மட்டும்தான் நன்றாகத் தெரியும். பட்டா என்று ஒன்றைத் தேடிக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போய், கிடைக்கவில்லை என்றால் ‘ஆயா சும்மா சொல்லியிருக்கிறார்’ என்று திரும்பிவிடுகிறார்கள் பலர். அப்படி நீங்கள் செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஊரின் வயதைப் பார்த்துவிடலாம். சென்னை வளர்ந்து வளர்ந்து வடக்கே போய்க் கிராமத்தைத் தொட்டது என்று நினைப்பது பாதிதான் சரி. இந்தக் கிராமங்கள் சென்னைக்கு மூத்தவை. தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களில் புழல் ஒரு கோட்டம். திருவொற்றியூர்க் கோயில் சுவர்களில் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் மணலி, சிங்கவிஷ்ணு சதுர்வேதிமங்கலம் என்ற பெயரோடு வருகிறது. ஒரு நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிய 90 ஆடு, 96 ஆடு என்று எழுதி வைப்பார்கள். அவற்றுக்குச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். செத்தாலும் கிழடானாலும் வேறு ஆட்டைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும். ஆடு கொடுத்தவர் பெயர் கல்லில் இருக்கிறது. மேய்த்தவர் பெயர் அபூர்வமாகத்தான் இருக்கிறது. பார்த்தீர்களா, அப்போதே ஆரம்பித்துவிட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் 1639இல் மதராசப்பட்டினத்தில் இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தது கடற்கரையோரம் ஒரு துண்டு நிலம். அப்புறம் கிராமம் கிராமமாகச் சேர்த்தார்கள். 1693இல் எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டை. 1708இல் திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, கூடவே தெற்கே நுங்கம்பாக்கம். 1742இல் வேப்பேரி, பெரம்பூர், எர்ணாவூர், சடையங்குப்பம், புதுப்பாக்கம். இந்த வரிசையில் பாதிக்கு மேல் வடசென்னை. அவர்களுக்கு இந்த ஊர்கள் எதற்கு? பாதுகாப்புக்கு என்று சொல்வார்கள். வருமானத்துக்கும்தான். கிராமத்தை ஏலம் போலக் குத்தகைக்கு விட்டார்கள். எடுத்தவர் உழுகிறவரிடம் கறந்துகொண்டார். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி செங்கல்பட்டுச் சீமை முழுவதையும் ஜாகிராக, அதாவது வரி வசூலிக்கிற உரிமையோடு, கம்பெனிக்குக் கொடுத்தபோது புழல், மாதவரம் பக்கமெல்லாம் கணக்கில் வந்து சேர்ந்தன.

அந்த ஜாகிர் ஊர்களை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் கணக்கெடுத்தார். சுமார் இரண்டாயிரம் ஊர்கள். ஏரி எத்தனை, நஞ்சை எவ்வளவு, எந்தச் சாதியார் வீடு எத்தனை, விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்று ஊர்வாரியாக எழுதினார்கள். இரண்டு நூற்றாண்டு கழித்து அந்தக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பேசியவர் வரலாற்று ஆய்வாளர் தரம்பால். அதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. நெல் களத்தை விட்டு வெளியே போவதற்கு முன்பே அதில் ஊர்க்காரர்களின் பங்கு போய்விடும். கணக்குப்பிள்ளை, கொல்லர், தச்சர், வண்ணார், நாவிதர், தலையாரி, வெட்டியான், நீர் பாய்ச்சுகிறவர், கோயில் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு அளவு. இதற்குப் பெயர் சுதந்திரம். மேரை என்றும் சொல்வார்கள். அரசியல் விடுதலைக்கு நாம் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வதற்கு முன்பு, களத்தில் நின்று கேட்டு வாங்குகிற நெல்லுக்குத்தான் எங்கள் பக்கம் சுதந்திரம் என்று பேர்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சரியாகச் சொன்னால், அதன் கடைசி மிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். அறுபதுகளின் நடுவில், தை மாதம், சம்பா அறுப்பு. களத்துமேட்டில் சாணி போட்டு மெழுகி இரண்டு நாள் காயவிட்டிருப்பார்கள். கட்டடித்து, தூற்றி, கருக்காயை ஒதுக்கி, நெல்லைக் குவித்த பிறகு யாரும் அதற்கு அந்தப் பக்கம் செருப்போடு போகக் கூடாது. அளக்கிறவர் குந்தி உட்கார்ந்து மரக்காலை எடுத்து முதல் அளவைக் கொட்டும்போது ‘ஒண்ணு’ என்று சொல்ல மாட்டார். ‘லாபம்’ என்பார். அடுத்தது ‘ரெண்டு’. என் தாத்தா கொஞ்சம் தள்ளி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். அவருக்கு அரிக்கட்டாகவே, அதாவது அறுத்த கதிர்க் கட்டாகவே, கொடுத்துவிடுவது வழக்கம். காணிக்கு ஒரு கட்டு. கட்டு சின்னதாக இருந்தால் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். அடுத்த வருடம் அந்தக் கழனிக்குத் தண்ணீர் ராத்திரியில்தான் போகும்.

இன்னொன்றும் சொல்வார்: வாங்குகிற மரக்கால் வேறு, கொடுக்கிற மரக்கால் வேறு. இரண்டும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும்.

காணி என்று சொன்னேன் அல்லவா, அதை இங்கேயே முடித்துவிடுகிறேன். சென்னையில் வீட்டு மனை வாங்குகிற எல்லோரும் ‘ஒரு கிரவுண்டு’, ‘அரை கிரவுண்டு’ என்று பேசுகிறார்களே, அது 2,400 சதுர அடி. ஏன் 2,400? பழைய கணக்கில் 24 மனை சேர்ந்தது ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி, சுமார் 1.32 ஏக்கர். மனை என்பதைத்தான் வெள்ளைக்காரர்கள் கிரவுண்டு ஆக்கினார்கள். நீங்கள் வாங்குகிற அடுக்குமாடிக் குடியிருப்பின் பிரிபடாத பங்கு, ஒரு காணிக் கழனியின் இருபத்து நாலில் ஒன்றை உடைத்ததில் ஒரு துண்டு. நெல் போனாலும் அளவு போகவில்லை.

சரி, பண்ணை எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். இந்தச் சீமையில் நிலத்தின் மேல் இருந்த உரிமைக்குக் காணியாட்சி என்று பேர், பிறகு மிராசு என்று ஆனது. ஒரு ஆள் ஒரு துண்டு என்ற கணக்கு முதலில் இல்லை. ஊர் மொத்தம் இத்தனை பங்கு, அதில் இந்த வீட்டுக்கு இத்தனை என்பதுதான் கணக்கு. சில ஊரில் சில வருடத்துக்கு ஒரு தடவை கரையீடு நடக்கும். கழனிகளைப் பங்காளிகள் மறுபடி மாற்றிக்கொள்வார்கள், மேட்டுக் கழனிக்காரனே எப்போதும் காய வேண்டியதில்லை. பங்குக்காரர்களில் வேளாளர் அதிகம், பிராமணரும் உண்டு. இது தவிர கம்பெனிக்குத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்து பணம் சேர்த்தவர்கள் மிராசுப் பங்குகளை வாங்கிப் போட்டார்கள். மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் பெயரைச் சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்டிருப்பார்கள். கவர்னர் பிகாட்டின் துபாஷி அவர். இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவர். மணலி என்பது அந்த வீட்டுப் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் நாற்று நட்டவர்களுக்கு அப்படி ஊர்ப் பெயரை முன்னால் போட்டுக்கொள்கிற கொடுப்பினை இல்லை.

மிராசுதாரரால் எல்லாவற்றையும் தானே பயிர் வைக்க முடியாது. மிச்சத்தைப் பாயகாரிகளிடம், அதாவது மிராசு இல்லாமல் பயிர் செய்கிறவர்களிடம், விடுவார். அதே ஊரில் குடியிருந்து, தலைமுறையாகப் பயிர் செய்து, எளிதில் வெளியே தள்ள முடியாதவர் உள்குடி. வெளியூரிலிருந்து வந்து வருடக் கணக்கில் பயிர் செய்துவிட்டுப் போகிறவர் பரகுடி. 1780இல் ஹைதர் அலி படை வந்து போன பிறகு ஊர்கள் காலியாகக் கிடந்தன. ஆள் போதாமல் வெளியிலிருந்து கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ் இதில் தீவிரமாக இருந்தவர். மிராசு உண்டா இல்லையா, யாருக்கு உண்டு என்ற வழக்கு அப்போது கிளம்பி அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது. திருக்குறளில் ஈடுபாடு கொண்டவராக நாம் அறிந்த சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை, மிராசு பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு 1810களில் எழுதிய பதில்கள்தான் இன்றுவரை இந்த விஷயத்துக்கு ஆதாரம்.

மிராசுதாரர் தன் சொந்தப் பொறுப்பில் வைத்துக்கொண்ட நிலம்தான் பண்ணை. அதில் உழைத்தவர் படியாள். படி அளந்து கூலி கொடுத்ததால் படியாள். ஆதிதிராவிடர்களும் வன்னியர்களும்தான் பெரும்பாலும். 1843ஆம் வருடச் சட்டம் வரும்வரை அடிமை என்பது சட்டப்படியே செல்லுபடியானது. நிலம் கை மாறும்போது ஆளும் சேர்ந்து மாறினார். சட்டம் வந்த பிறகு அடிமை என்ற சொல் போனது, கடன் என்ற சொல் வந்தது. மகன் கல்யாணத்துக்கு வாங்கிய கொஞ்சம் பணமும் நெல்லும், அப்பனுக்குப் பிறகு மகன் பேரில் நிற்கும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமன்கீர் இதைப் பற்றி எழுதிய அறிக்கையைப் படித்தால் ராத்திரி தூக்கம் வராது. குடிசை போட்ட இடம்கூடச் சொந்தமில்லை, எதிர்த்துப் பேசினால் அந்த இடத்தை விட்டுப் போகச் சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் சாரம். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் வந்ததுதான் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு நிலம் கொடுத்த பஞ்சமி நில உத்தரவு. பத்து வருடத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அதே பிரிவினருக்குத்தான் விற்கலாம் என்று நிபந்தனை. பழைய பதிவேட்டில் டி.சி. (டிப்ரஸ்ட் கிளாஸ்) நிலம் என்று ஒரு குறிப்பைப் பார்த்தால் அது இதுதான். நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. நிலம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும்.

பண்ணை எப்போது முடிந்தது? இதற்கு ஆளாளுக்கு ஒரு வருடம் சொல்வார்கள். என் கணக்கில் தண்ணீர் கை மாறியபோதே முடிவு தொடங்கிவிட்டது. புழல் ஏரி முதலில் பாசன ஏரிதான். 1872இல் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கம் அணையில் திருப்பி, சோழவரம் வழியாகப் புழலுக்குக் கொண்டுவந்து, பட்டணத்துக்குக் குடிநீர் கொடுத்தார்கள். அன்றிலிருந்து புழல் நகரத்தின் தொட்டி. இப்போது அதன் கொள்ளளவை 3,300 மில்லியன் கன அடி என்று டிவியில் தினமும் சொல்கிறார்கள். அதற்குக் கீழே இருந்த மதகுகளின் பெயரை யாரும் சொல்வதில்லை. கோடைக்கு முன்பு ‘ஏரியில் எத்தனை நாள் தண்ணி’ என்று கேட்ட ஊர்கள், ‘பட்டணத்துக்கு எத்தனை நாள் தண்ணி’ என்ற கேள்வியைக் காது கொடுத்துக் கேட்க ஆரம்பித்தன. சின்ன ஏரிகளை நம்பியவர்கள் தாக்குப் பிடித்தார்கள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம் பேசிய ஊரில் சம்பா ஒன்றுதான் நிச்சயம் என்றாயிற்று.

ஆட்களும் போனார்கள். பெரம்பூரில் ரயில்வே ஒர்க்‌ஷாப் 1856லேயே வந்துவிட்டது. அடுத்த கால் நூற்றாண்டுக்குள் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில்கள் வந்தன. தாது வருடப் பஞ்சத்தில், அதாவது 1876 முதல் 78 வரை, கிராமத்தில் இருந்து பிழைக்க முடியாமல் வந்தவர்கள் எத்தனையோ பேர். அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டியதே அந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான். கஞ்சிக்கு மண் சுமந்தார்கள். கவர்னர் பக்கிங்ஹாம் பெயர் கால்வாய்க்கு வந்தது, மண் சுமந்தவர் பெயர்… சரி, விடுங்கள், இதை எத்தனை தடவை சொல்வது.

படியாளுக்கு மில் ஒரு பெரிய கதவு. மாசம் பிறந்தால் காசு, கையில். மரக்கால் கிடையாது. ஆனால் ஊரும் சேரியும் மில்லுக்குள்ளேயும் கூடவே வந்தன. 1918இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் இங்கேதான் உருவானது. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்து புளியந்தோப்பில் கலவரம். அதைத் தொழிற்சங்க வரலாறாக மட்டும் படிப்பவர்களுக்கு அது திடீரென்று நடந்தது போலத் தெரியும். களத்துமேட்டில் யார் எங்கே நின்றார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அப்படித் தெரியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது வேகமான கதை. எண்ணூரில் மோட்டார் கம்பெனி, திருவொற்றியூரில் புல்லட் கம்பெனி, 1969இல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை, பக்கத்திலேயே உரக் கம்பெனி, 1970இல் எண்ணூர் அனல் மின்நிலையம். மணலித் தொழிற்சாலைகளுக்காக மீஞ்சூர் பக்கம் ஆழ்குழாய் போட்டு உறிஞ்சினார்கள். நிலத்தடியில் நல்ல தண்ணீர் இறங்க இறங்கக் கடல் தண்ணீர் உள்ளே ஏறியது. பல கிலோமீட்டருக்கு. கிணறு உப்பானால் விவசாயி என்ன செய்வார்? அதே கிணற்றுக்கு மேற்கே, இன்னும் உப்பாகாத ஊரில் இருந்தவர் பயிரை விட்டுவிட்டுத் தண்ணீரையே குடிநீர் வாரியத்துக்கு விற்றார். இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் அது நல்ல வருமானம். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு போகம் நெல்லில் என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு வேடிக்கை மட்டும் மிச்சம். செங்குன்றத்தில் அரிசி ஆலைகள் இன்னும் வரிசையாக ஓடுகின்றன. அந்தப் பக்கம் நடந்தால் புழுங்கல் ஆவி வாசனை மூக்கைப் பிடிக்கும். நெல் மட்டும் ஆந்திராவிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கமிருந்தும் லாரியில் வருகிறது. அந்த லாரிகள் நிற்கிற இடம்தான் நீங்கள் போய்ப் பார்த்த உங்கள் ஆயாவின் கழனி.

இப்போது தேடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். முதலில் எந்த ஆபீஸ் என்பதில் குழம்பாதீர்கள். அந்த ஊர் செங்கல்பட்டு மாவட்டமாக இருந்தது, 1997இல் திருவள்ளூர், 2011இல் சென்னை மாநகராட்சி, 2018இல் சென்னை மாவட்டம். காகிதங்களும் அதே மாதிரி வீடு மாறியிருக்கின்றன. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு மூட்டை காணாமல் போகும். அதற்கும் முன்னால் 1980இல் கர்ணம், முன்சீப் என்ற பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தபோது, பரம்பரையாக அவர்கள் வீட்டுப் பரணில் இருந்த பழைய கணக்குகள் எல்லாம் ஒழுங்காக ஒப்படைக்கப்பட்டன என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தாலுகா ஆபீசில் நான் கேட்ட பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். அட்டை இருந்தது, உள்ளே கரையான் புற்று இருந்தது. ‘வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துக்கங்க’ என்றார் ஒரு புண்ணியவான்.

உங்கள் குடும்பம் சொந்தக்காரர் என்றால் வேலை சுலபம். அ-பதிவேட்டில், அதாவது கிராமத்தின் நிலப் பதிவேட்டில், சர்வே எண்ணுக்கு நேரே பட்டாதாரர் பெயர் இருக்கும். பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் என்று ஒன்று வரும், அது சர்வேக்கும் முந்தைய எண். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நாலு எல்லையையும் படியுங்கள். ‘இன்னார் கழனிக்கு மேற்கு, பொன்னியம்மன் கோயில் மேட்டுக்கு வடக்கு, மதகு வாய்க்காலுக்குத் தெற்கு’ என்று எழுதியிருப்பார்கள். பட்டாவில் இல்லாத பக்கத்து வீட்டுக்காரர் பெயரெல்லாம் எல்லையில் மாட்டிக்கொள்ளும். என் அனுபவத்தில் பாதிக் குடும்பங்களை எல்லையில்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

குத்தகை பார்த்தவர்கள் என்றால் 1969ஆம் வருடக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு பதிவேடு உண்டு. எல்லோரும் பெயர் கொடுக்கவில்லை. சொந்தக்காரரைப் பகைத்துக்கொண்டு போய் எழுதிவைக்கப் பயம். பெயர் இருந்தால் தங்கம். அடங்கலில், அதாவது வருடாந்திரப் பயிர்க் கணக்கில், சாகுபடி செய்தவர் என்ற கலத்தையும் பாருங்கள்.

படியாளாக இருந்திருந்தால் கழனியின் சர்வே எண்ணில் தேடாதீர்கள். வீடு இருந்த இடத்தில் தேடுங்கள். 1971இல் வந்த குடியிருப்புச் சட்டம், விவசாயத் தொழிலாளி அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தால் அந்த இடத்தை அவருக்கே உரிமையாக்கியது. உங்கள் வீட்டில் பழைய தகரப் பெட்டி இருந்தால் அதில் அந்தப் பட்டா மடிந்து கிடக்கலாம். டி.சி. நிலக் குறிப்பும் இந்த வழியில்தான் அகப்படும். தாத்தா பெரம்பூரில் மில்லிலோ ரயில்வேயிலோ வேலை பார்த்திருந்தால் அந்தப் பணிப் புத்தகத்தில் சொந்த ஊரும் அப்பா பெயரும் இருக்கும். படியாள் குடும்பத்தில் மூன்று தலைமுறை பெயர் சேர்ந்தாற்போல எழுத்தில் வருகிற முதல் இடம் பெரும்பாலும் அதுதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் பெரிய அத்தையிடம் போய் உட்காருங்கள். ‘நமக்கு நிலம் இருந்துதா’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் ‘இருந்துச்சு’ என்றுதான் சொல்வார்கள். அறுப்புக்கு நெல் எங்கே நின்று வாங்கினார்கள் என்று கேளுங்கள். களத்திலா, பண்ணை வீட்டு வாசலிலா? வாசல் என்றால் முன்வாசலா, பின்வாசலா? அளந்து வாங்கினார்களா, அளந்து கொடுத்தார்களா? ஆடி மாதம் பொன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது இவர்கள் வீட்டுக் கூழ் எந்த வரிசையில் போகும்? கழனிக்குத் தண்ணீர் எந்த மதகிலிருந்து வந்தது, பெரிய மதகா சின்ன மதகா? வயதானவர்களுக்கு வருடம் மறந்துவிடும், மதகு மறக்காது. என் தாத்தா கடைசிக் காலத்தில் என் பெயரையே மாற்றிக் கூப்பிட்டார், ஆனால் மழை பெய்கிற ராத்திரி எழுந்து உட்கார்ந்து, ‘கீழ் மதகை ஒரு சாண் தூக்கு’ என்பார்.

அத்தை என்ன சொன்னார் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி அனுப்புங்கள், நீங்கள் திருத்த வேண்டாம். மதகின் பெயர் கிடைத்துவிட்டால் எந்தெந்த சர்வே எண்களில் தேடலாம் என்று நான் சொல்கிறேன்.